ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறாங்களாம், ஐ.வி.எஃப். இலவசமாம்: சேரலாமா?

கேள்வி, 9 ஜூன் 2024, கம்பம் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி:
"அக்கா, கல்யாணம் ஆகி 6 வருஷம் ஆச்சு. எனக்கு பி.சி.ஓ.டி. (சினைப்பையில நீர்க்கட்டி) இருக்கு. மலைக்கு மேல கேரளாவுல ஒரு ஆஸ்பத்திரியில குழந்தையில்லாதவங்களுக்கு ஆராய்ச்சி நடக்குதாம், சேர்ந்தா ஐ.வி.எஃப். (டெஸ்ட்டியூப் குழந்தை வைத்தியம்) இலவசம்னு தெரிஞ்சவங்க சொல்றாங்க. எங்க அத்தை 'சோதனை எலியா போகப் போறியா'ன்னு கேக்குறாங்க. 20-ம் தேதிக்குள்ள பதில் சொல்லணுமாம். நீங்க சேர்ந்திருக்கீங்கன்னு முன்னாடி ஒரு தடவை எழுதியிருந்தீங்க. சேரலாமா?"

9 ஜூன் 2024, இரவு

சேருன்னும் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். முதல்ல அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வா: எது இலவசம்?

2018-ல நான் சேர்ந்தப்போ என் காதுலயும் 'ஃப்ரீ'ன்னுதான் விழுந்துச்சு. ஊசி, முட்டை எடுக்கிறது, கரு வளக்கிறது, வைக்கிறது எல்லாத்துக்கும் நாங்கதான் கட்டினோம். அவங்க சோதிச்சுப் பாக்க நினைச்ச ஒரு சின்ன வேலையும், அதுக்காகக் கூடுதலா எடுத்த ரெண்டு ஸ்கேனும்தான் இலவசம். எங்கம்மா போட்ட சங்கிலி அடகுக்கடைக்குப் போச்சு, இன்னும் திரும்பல. கையில ஒரு பைசா தரமாட்டாங்க. 'இலவசம்'ங்கிறதை வாயால வாங்காத, எழுத்துல வாங்கு.

10 ஜூன் 2024

நேத்து அவசரத்துல எழுதிட்டேன். என்ன ஆராய்ச்சின்னு நாலு பேர் கேட்டிருக்கீங்க.

எனக்கு ஊர் செங்கோட்டை. பத்திரம் எழுதுற ஆபீஸ்ல டைப்பிங் வேலை, 16 வருஷமா. கல்யாணம் 2010-ல. 'விசேஷம் உண்டா?'ங்கிற கேள்விக்கு எட்டு வருஷம் பதில் சொல்லி முடிச்சப்புறம்தான் ஐ.வி.எஃப்.-க்கு மனசு வந்துச்சு. மலைக்கு அந்தப்பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. புளியரை செக்போஸ்ட் தாண்டி ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடுன்னு போற பஸ். விடியக்காலம் ஏறினாத்தான் டோக்கன் கிடைக்கும்.

கரு வைக்கிறதுக்கு முந்தின மாசம், மெல்லிசான பிளாஸ்டிக் குழாயைக் கர்ப்பப்பைக்குள்ள விட்டு உள்சுவரை லேசாக் கீறி விடுவாங்க. அந்தக் காயம் ஆறும்போது சுவர் கருவை நல்லாப் பிடிச்சுக்கும்னு ஒரு எண்ணம். 2003-ல இஸ்ரேல்ல ஒரு சின்ன ஆய்வுல நல்ல பலன்னு வந்ததும் உலகம் முழுக்கக் கீற ஆரம்பிச்சாங்க. உண்மையிலேயே பலன் உண்டான்னு பாக்கிறதுதான் நான் சேர்ந்த ஆராய்ச்சி. பாதிப் பேருக்குக் கீறுவாங்க, பாதிப் பேருக்குக் கீற மாட்டாங்க.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். ஒப்புதல் படிவம் ரெண்டு மொழியில இருந்துச்சு: மலையாளம், இங்கிலீஷ். எனக்கு மலையாளம் நல்லாப் பேச வரும். எங்க ஊர்ல யாருக்கு வராது? 1956 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியிலதான் இருந்துச்சு. எங்க ஆபீஸுக்கு இன்னும் கொல்லம் ஆண்டு (மலையாள வருஷம்) போட்ட பழைய பத்திரம் வரும். ஆனா மலையாளம் எனக்கு வாசிக்க வராது. அந்தப் பதினோரு பக்கத்தையும் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், பக்கம் பக்கமா வட்ட வட்டமா எழுத்து. அந்த ஆராய்ச்சியைப் பாத்துக்கிட்ட பொண்ணு தங்கமான பொண்ணு, "சேச்சி, ஒப்பிட்டா மதி, எல்லாம் டாக்டர் பறஞ்சதுதன்னே"ன்னு சொல்லுது. கையெழுத்துப் போட்டாப் போதும், எல்லாம் டாக்டர் சொன்னதுதான்னு அர்த்தம்.

நாள் பூரா மத்தவங்க பத்திரத்துல "படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு"ன்னு டைப் அடிக்கிறவ நான். படிக்காம எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

10 ஜூன் 2024, மத்தியானம்

ஒண்ணு விட்டுப்போச்சு. டாக்டர் விளக்கிச் சொல்றதையும் நீ சம்மதிக்கிறதையும் வீடியோ எடுத்து வைக்கணும்னு சட்டம். 2019 விதியில இருக்கு. கேட்டுப் பாரு.

12 ஜூன் 2024

மேல வீடியோ பத்தி எழுதினது அரைகுறை. 2019-ல வந்த புதிய மருந்துகள், மருத்துவச் சோதனை விதிகளை உக்காந்து வாசிச்சேன். எல்லா ஆராய்ச்சிக்கும் வீடியோ கட்டாயம் இல்ல. இதுவரைக்கும் புழக்கத்துல இல்லாத புது மூலக்கூறு மருந்தா இருந்து, சேர்றவங்களும் எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில இருந்தாத்தான் வீடியோ. எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துன்னா ஒலிப்பதிவு போதும். உனக்கு வீடியோ எடுக்கலங்கிறதுக்காக அவங்க தப்புப் பண்றாங்கன்னு நினைக்க வேண்டாம்.

ஆனா மொழி விஷயத்துல மாத்தமே இல்ல. சேர்றவருக்குப் புரியுற மொழியில தகவல் தாளும் படிவமும் இருக்கணும். தமிழ் இல்லன்னா மொழிபெயர்த்து, அதை நெறிமுறைக் குழு (சேர்றவங்களுக்குத் தீங்கு வராமப் பாத்துக்கிற குழு) பாத்து ஒத்துக்கிட்டப்புறம்தான் உன் கைக்கு வரணும். கையெழுத்துப் போட்டபிறகு ஒரு நகல் உனக்குத் தரணும். இந்த நகலை நிறையப் பேர் கேட்டு வாங்கறதில்ல. வாங்கு. கேஸ் ஷீட்டோட போயிடுச்சுன்னா அது உன் கையில இல்ல.

15 ஜூன் 2024

சோதனை எலின்னு சொன்ன அந்த அத்தையை யாரும் திட்ட வேண்டாம். அவங்க பயத்துல அர்த்தம் இருக்கு.

முதல் டெஸ்ட்டியூப் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25-ம் தேதி இங்கிலாந்துல ஓல்டாம்ல பிறந்தா. அதைச் சாதிச்ச விஞ்ஞானி எட்வர்ட்ஸ், டாக்டர் ஸ்டெப்டோ ரெண்டு பேர் பெயரும் எல்லாருக்கும் தெரியும். கருவை வளத்த ஜீன் பர்டி அம்மா பெயர் பல வருஷம் கழிச்சுத்தான் வெளிய வந்துச்சு. அவங்களுக்கும் பின்னாடி 282 பெண்கள் இருந்தாங்க. 1969-லிருந்து 1978 வரைக்கும் வயித்துல துளை போட்டு முட்டை எடுக்கச் சம்மதிச்சவங்க. அத்தனை பேர்ல குழந்தையோட வீட்டுக்குப் போனது ரெண்டே பேர். மத்த 280 பேரும் வெறுங்கையோட பஸ் ஏறியிருப்பாங்க. அவங்க பெயர் நமக்குத் தெரியாது.

லூயிஸோட அம்மா லெஸ்லி பின்னாடி சொன்னது என்னை உலுக்கிருச்சு. தனக்கு முன்னாடியே இந்த முறையில நூத்துக்கணக்கான பிள்ளைங்க பிறந்திருக்கும்னு அந்தம்மா நினைச்சிருந்தாங்களாம். ஒண்ணுகூடப் பிறக்கலங்கிறது தெரியாது. தானும் கேக்கலன்னு சொன்னாங்க. நல்லபடியா முடிஞ்சதால அது பெரிய விஷயமா ஆகல. முடியாம போயிருந்தா?

கேக்கணும். இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க, என்ன ஆச்சுன்னு வாயைத் திறந்து கேக்கணும்.

16 ஜூன் 2024

இன்னைக்கு எங்க அத்தைகிட்ட பழசெல்லாம் பேசிட்டிருந்தேன். நான் கேட்டு வாங்கின தமிழ்ப் படிவம் வந்தன்னைக்கு ராத்திரி அதை வீட்டுல சத்தமா வாசிச்சேன். இவிய (எங்க வீட்டுக்காரங்க) கட்டில்ல, அத்தை தரையில புளி கொட்டை எடுத்துக்கிட்டு. கடைசிப் பக்கத்துல பெயர், முகவரி, படிப்பு, தொழில், ஆண்டு வருமானம், அதுக்குக் கீழ 'நியமனதாரர் பெயர், உறவுமுறை'ன்னு ஒரு கட்டம்.

அத்தை அருவாமணையை நிறுத்திட்டாங்க. "நாமினியா? எல்.ஐ.சி.-யிலல்லா அதைக் கேப்பாங்க? எதுக்குட்டி உனக்கு நாமினி?"

எனக்குப் பதில் தெரியும். ஆராய்ச்சியால உயிருக்கு ஆபத்து வந்தா நஷ்டஈடு யாருக்குங்கிறதுக்காக. அதைச் சொல்ல வாய் வரல. இவியதான் சொன்னாங்க. அத்தை கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. பிறகு, "எழுதுறதுன்னா என் பேரை எழுதாத. உன் அம்மை பேரை எழுது. எனக்கு அந்தப் பணம் வேண்டாம்"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. பேரப்பிள்ளை இல்லன்னு என்னை எட்டு வருஷம் ஜாடை பேசின மனுஷி. அன்னைக்குத்தான் அவங்களுக்கு நானும் வேணும்னு எனக்குத் தெரிஞ்சுச்சு.

ஒத்தை மனுஷியா கையெழுத்துப் போடாத தங்கச்சி. வீட்டுல வாசிச்சுக் காட்டு.

19 ஜூன் 2024

நாளைக்கு 20. உன்கிட்டயிருந்து பதிலைக் காணோம். 'நாளைக்குள்ள'ன்னு யாராவது நெருக்கினா அதுவே ஒரு குறிதான். யோசிக்க நேரம் கொடுக்கணும்னு விதியே சொல்லுது.

இன்னொண்ணு பண்ணு. இந்தியாவுல நடக்கிற மருத்துவச் சோதனைகளைப் பதிவு பண்ற சி.டி.ஆர்.ஐ.-ன்னு பொதுப் பதிவேடு இருக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்துறது, 2007-ல தொடங்கினது. 2018 ஏப்ரல் 1-ல இருந்து முதல் ஆளைச் சேக்கிறதுக்கு முன்னாடியே பதிஞ்சாகணும். யார் வேணும்னாலும் காசில்லாமத் தேடலாம். எத்தனை பேரைச் சேக்கிறாங்க, எந்த வயசு, எதை எதோட ஒப்பிடறாங்க, நெறிமுறைக் குழு ஒத்துக்கிச்சா, எல்லாம் இருக்கும். நிலம் வாங்குறதுக்கு முன்னாடி வில்லங்கம் போட்டுப் பாக்கற மாதிரி. பதிவு எண்ணை அவங்ககிட்ட கேளு. சொல்ல மாட்டேன்னா அங்கயே நிறுத்திரு.

22 ஜூன் 2024

தங்கச்சி எழுதியிருக்கா. 20-ம் தேதி பதில் சொல்லல, ஆனா எண்ணை வாங்கிட்டா. கெட்டிக்காரி.

பதிவேட்டுல பாத்தா அது ஐ.வி.எஃப்.-பே இல்ல! பி.சி.ஓ.டி. உள்ளவங்களுக்கு முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரையை 5 நாள் கொடுக்கறதா, 10 நாள் கொடுக்கறதா, எது தேவலைன்னு பாக்கிறது. சொன்னவங்க ஆராய்ச்சின்னதும் ஐ.வி.எஃப்.-ன்னு நினைச்சுக்கிட்டாங்க போல. பொய் சொன்னாங்கன்னு நான் சொல்லல. ஒரு வாய் மாறினாலே சேதி மாறிருது, இது மலை ஏறி இறங்கி வந்த சேதி.

30 ஜூன் 2024

'பாதிப் பேருக்குக் கீற மாட்டாங்கன்னா அவங்களை ஏமாத்தறதுதானே'ன்னு ஒரு அண்ணன் கேட்டிருக்கார்.

அந்த நாளைச் சொல்றேன். 2018 ஜூலை. மேசையில ஒட்டின கவர்கள், மேல நம்பர் மட்டும். எனக்கு முன்னாடி புனலூர்க்காரப் பொண்ணு ஒண்ணு, என்னைவிட நாலு வயசு சின்னவ. அவ கவரைப் பிரிச்சாங்க: கீறல். என் கவரைப் பிரிச்சாங்க: கீறல் இல்லை. அவ என்னைப் பாத்தா. லாட்டரி விழுந்தவ விழாதவளைப் பாக்கிற பார்வை. நான் வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுல உக்காந்து அழுதேன். அவளுக்குக் கிடைச்சது எனக்குக் கிடைக்கலன்னு.

அழுததுல ஒரு பெரிய பிசகு இருந்துச்சு. கீறினா நல்லதுன்னு தெரிஞ்சிருந்தா ஆராய்ச்சியே தேவையில்ல. தெரியாததாலதான் குலுக்கல். இதை மூணு தடவை எனக்கு விளக்கியிருந்தாங்க, நானும் தலையாட்டியிருந்தேன். பிள்ளை வேணும்ங்கிற ஆசை மனசு பூரா இருக்கும்போது, 'சோதிச்சுப் பாக்கிறோம்'னு அவங்க சொல்றது, 'வைத்தியம் பண்றோம்'னுதான் நம்ம காதுல விழுது. தமிழ்ல படிச்சும் எனக்கு அப்படித்தான் விழுந்துச்சு. மலையாளத்துல வாசிக்காம கையெழுத்துப் போட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாத்துக்கோங்க.

7 ஜூலை 2024

பீரோவுல 2018 டைரி அகப்பட்டுச்சு. ரெண்டு திருத்தம்.

ஒரு பைசா தரமாட்டாங்கன்னு எழுதினேன், தப்பு. ஆராய்ச்சிக்காகக் கூடுதலாப் போன ஒவ்வொரு தடவைக்கும் பஸ் செலவுன்னு 300 ரூபா கொடுத்து வவுச்சர்ல கையெழுத்து வாங்கியிருக்காங்க. நாலு தடவை.

தமிழ்ப் படிவத்துக்கு ரெண்டு மாசம் காத்திருந்தேன்னு இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். டைரியில அஞ்சே வாரம். நெறிமுறைக் குழு கூட்டம் மாசத்துக்கு ஒரு தடவைதான், அதுக்காகத்தான் அந்த நேரம். அந்த அஞ்சு வாரமும் எனக்கு ரெண்டு மாசமா இருந்திருக்கு.

டைரியில இன்னொரு வரி இருக்கு, மறந்தே போயிருந்தேன். தமிழ்ல வரட்டும்னு நான் சொன்னப்போ ஒரு வழி சொன்னாங்க: படிக்கத் தெரியாதவங்களுக்குப் பண்ற மாதிரி, ஒரு பொதுவான சாட்சியை வச்சு வாசிச்சுக் காட்டிடறோம்னு. நான் சொன்ன பதிலை அப்படியே எழுதி வச்சிருக்கேன்: "எனக்கு எழுத்துத் தெரியும். உங்ககிட்டதான் என் எழுத்து இல்ல." மூத்த டாக்டரம்மா அதைக் கேட்டுட்டு அந்தப் பொண்ணுகிட்ட, தமிழ்ல அடிச்சுக் கொண்டு வான்னு சொல்லிட்டாங்க. எனக்குப் பின்னாடி தென்காசி, கடையநல்லூர்ல இருந்து வந்தவங்களுக்கு அந்தப் படிவம் போயிருக்கும். எனக்கு அதுல இருக்கிற சந்தோஷம் கொஞ்ச நஞ்சமில்ல.

21 ஜூலை 2024

பில் விஷயம். எழுத வேண்டாம்னு இருந்தேன், 'பக்க விளைவு வந்தா யார் பாப்பாங்க'ன்னு ஆறு பேர் கேட்டதால எழுதுறேன்.

2018 மே. எனக்கு முட்டை 19 வந்துச்சு. எடுத்த மூணாம் நாள் வயிறு உப்ப ஆரம்பிச்சுது. பாவாடை நாடாவைத் தளத்தித் தளத்திக் கட்டினேன். ஒரே நாள்ல ஒண்ணேகால் கிலோ ஏறிருச்சு. ஒண்ணுக்கு சரியாப் போகல, படுத்தா மூச்சு முட்டுது. ராத்திரி பதினொண்ணுக்குக் கார் பிடிச்சு மலை ஏறினோம். எஸ் வளைவுல ஒவ்வொரு திருப்பத்துக்கும் வயித்துக்குள்ள தண்ணி ஒரு பக்கத்துலருந்து இன்னொரு பக்கத்துக்குப் போறது தெரிஞ்சுச்சு. இவிய ஒரு கையால என் வயித்தையும் ஒரு கையால கார் கம்பியையும் பிடிச்சிருந்தாங்க. சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதால வர்றது. பி.சி.ஓ.டி. உள்ளவங்களுக்கு இது கூடுதலா வரும். தங்கச்சி, நீ ஊசிக்குப் போற நாள் வந்தா இந்த அறிகுறியெல்லாம் மனப்பாடமா இருக்கட்டும்.

நாலு நாள் படுக்கை. பில் வந்துச்சு. 'ஆராய்ச்சியில சேர்ந்திருக்கேனே, செலவு அவங்களோடதுதானே'ன்னேன். 'இது சிகிச்சையோட விளைவு, ஆராய்ச்சியோடது இல்ல'ன்னாங்க. அடகு வைக்க அடுத்த நகை.

அநியாயம்னுதான் இன்னைக்கும் நினைக்கிறேன்.

22 ஜூலை 2024

நேத்து ராத்திரி பூரா யோசனை. கடைசி வரி கோபத்துல எழுதினது. கீறல் நடக்கவேண்டியதே ஜூலையிலதான், வயிறு வீங்கினது மே மாசம். வீக்கத்துக்குக் காரணம் எல்லாரும் போட்டுக்கிற அதே ஊசி. ஆராய்ச்சியில சேராம இருந்தாலும் எனக்கு அது வந்திருக்கும். சட்டப்படி அவங்க சொன்னது சரி.

ஆனா 'எது சிகிச்சை, எது ஆராய்ச்சி'ங்கிற கோட்டை எனக்கு முன்கூட்டியே யாரும் காட்டல. அந்தப் பதினோரு பக்கத்துல 'ஆராய்ச்சியால் ஏற்படும் பாதிப்புக்கு இலவச மருத்துவம்'னு ஒரு வரி. 'ஆராய்ச்சியால்'ங்கிற அந்த ஒத்தைச் சொல்லுக்குள்ள எவ்வளவு இருக்குன்னு பில் வந்த அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு. இதை நான் குறை சொல்லத்தான் செய்வேன்.

உன்னோடது மருந்துச் சோதனை. பாதிப்பு வந்தா, அது சோதனையால வந்ததில்லன்னு உறுதியாகாத வரைக்கும், எவ்வளவு நாள் தேவையோ அவ்வளவு நாள் இலவச மருத்துவம்னு 2019 விதியிலயே இருக்கு. பெரிய பாதிப்புன்னா ஆராய்ச்சி டாக்டர் 24 மணி நேரத்துக்குள்ள மேலிடத்துக்குத் தெரிவிக்கணும். என்னோடது மருந்தில்ல, அதனால ஐ.சி.எம்.ஆர். 2017-ல போட்ட நெறிமுறைதான் அதுக்கு. நான் ரெண்டையும் முதல்ல போட்டுக் குழப்பிட்டேன்.

18 ஆகஸ்ட் 2024

ஆறு வருஷத்துக்கு முன்னாடி இதே வாரம் கேரளா பூரா வெள்ளம். எனக்கு ஆகஸ்ட் நடுவுல கரு வைக்கிறதா இருந்துச்சு, போக வழியில்ல. உறைய வச்சிருந்ததால தள்ளிப் போட முடிஞ்சுச்சு. செப்டம்பர்ல வச்சாங்க. பதினாலாம் நாள் ரத்தம் கொடுத்துட்டு வந்து, ஆபீஸ்ல ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் அடிச்சுக்கிட்டிருந்தேன். போன் வந்துச்சு. பீட்டா (கர்ப்பம் பாக்கிற ரத்தப் பரிசோதனை) 1.2. ஒட்டல.

மிச்சப் பத்திரத்தையும் அடிச்சு முடிச்சேன். நாலு மகன்களுக்கும் ஒரு மகளுக்கும்.

புனலூர்க்காரிக்கு வெள்ளத்துக்கு முன்னாடியே வச்சுட்டாங்க. அவளுக்கும் ஒட்டல.

2019 ஜனவரியில பெரிய ஆய்வோட முடிவு வந்துச்சு. 5 நாடு, 1364 பெண்கள். கீறினவங்கள்ல குழந்தை பிறந்தது 26.1 சதவீதம். கீறாதவங்கள்ல 26.1 சதவீதம். புள்ளி மாறல. நான் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து அழுதது இல்லாத ஒண்ணுக்காக. அவ வலி தாங்கினதும் இல்லாத ஒண்ணுக்காக. ரொம்ப வலிச்சுச்சுன்னு சொல்லியிருக்கா.

இதைச் சொன்னா 'அப்ப எல்லாம் வீண்தானே'ங்கிறாங்க. வீணில்ல. இந்த முடிவு வராம இருந்திருந்தா இன்னைக்கும் ஒவ்வொருத்தியையும் படுக்க வச்சுக் கீறி அதுக்குத் தனியா ஒரு பில்லும் போட்டிருப்பாங்க. 1364 பேர் சேர்ந்து இனிமே வரப்போறவளுக்கு ஒரு வலியையும் ஒரு செலவையும் குறைச்சிருக்காங்க. நான் அந்தக் கணக்குல இல்ல, எங்களோடது சின்ன ஆராய்ச்சி. ஆனா அவங்க என் ஆளுங்க.

8 செப்டம்பர் 2024

லெட்ரோசோல் பத்திக் கேட்டவங்களுக்கு. அது மார்புப் புற்றுநோய்க்கு வந்த மாத்திரைங்கிறது உண்மை. பயப்பட வேண்டாம், கதையை முழுசாக் கேளுங்க. குழந்தைக்குக் குறை வரும்னு 2005-ல ஒரு மாநாட்டுல பேச்சு கிளம்புச்சு. அடுத்த வருஷமே 911 குழந்தைகளைப் பாத்த ஆய்வு வந்து, பழைய குளோமிஃபீன் மாத்திரையைவிடக் குறை கூடலன்னு சொல்லுச்சு. இருந்தும் 2011 அக்டோபர்ல நம்ம நாட்டுல குழந்தையின்மைக்கு இதைக் கொடுக்கக் கூடாதுன்னு தடை. 2014-ல அமெரிக்காவுல பி.சி.ஓ.டி. உள்ள 750 பெண்கள்கிட்ட பண்ணின ஆய்வுல, லெட்ரோசோல்ல குழந்தை பிறந்தது 27.5 சதவீதம், குளோமிஃபீன்ல 19.1. நம்ம தடை 2017-லதான் போச்சு.

எனக்கு 2012-லிருந்து 2014 வரைக்கும் குளோமிஃபீன்தான் கொடுத்தாங்க. ஒன்பது சுற்று. என் நல்ல வயசு அதுலதான் போச்சு. எங்கேயோ முகம் தெரியாத 750 பேர் சேர்ந்ததாலதான் இன்னைக்கு இந்தத் தங்கச்சிக்கு முதல் மாத்திரையே லெட்ரோசோல்.

20 அக்டோபர் 2024

ஆம்பளைங்க ஏன் இந்தப் பேச்சுல இல்லன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார், நியாயம். இவியளுக்கும் விந்தணு எண்ணிக்கை குறைவு. மூணு வருஷம் துத்தநாகம், ஃபோலிக் ஆசிட் மாத்திரை முழுங்கினாங்க. 2020-ல அமெரிக்காவுல 2370 தம்பதிகளை வச்சுப் பாத்ததுல அந்த மாத்திரையால பிறப்பு கூடல, 34 சதவீதத்துக்கு 35 சதவீதம். மருந்தில்லாத வெத்து மாத்திரை போட்டவங்கதான் அந்த 35. அந்த ஆய்வுலயும் ஆம்பளைங்க சேர்ந்திருக்காங்க, சாம்பிள் கொடுத்திருக்காங்க. நம்ம பக்கம் மருமகளை மட்டும் பஸ் ஏத்தி அனுப்புவாங்க. இவிய ஒவ்வொரு தடவையும் என்கூட வந்தாங்க. பாவூர்சத்திரம் மார்க்கெட்ல லோடு ஏத்தி அனுப்பிட்டு, தூக்கமில்லாம.

15 டிசம்பர் 2024

வருஷக் கட்டணம் கட்டச் சொல்லி ஆஸ்பத்திரியிலருந்து தாள் வந்திருக்கு. எங்களுக்கு இன்னும் ரெண்டு கரு உறைஞ்சு இருக்கு. 2021-ல வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பத்து வருஷத்துக்கு மேல வைக்கக் கூடாது. அப்புறம் அழிய விடணும், இல்லன்னா நாங்க சம்மதிச்சா பதிவு பண்ணின ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். எங்களுக்கு 2028 வரைக்கும் நேரம். எனக்கு இப்ப 39.

ஆராய்ச்சிக்குப் பரிஞ்சு இவ்வளவு எழுதியிருக்கேன். 'அப்ப அந்த ரெண்டையும் கொடுத்துருவீங்களா'ன்னு யாராவது கேட்டா என்ன சொல்லன்னு தெரியல. இவிய, "எனக்கு மனசு வரல. உனக்கு எப்படித் தோணுதோ அப்படி"ங்காங்க. என் உடம்பைக் கொடுக்கறப்போ எனக்கு இவ்வளவு யோசனை வரல.

16 டிசம்பர் 2024

கட்டணம் கட்டியாச்சு. இன்னொரு வருஷம்.

9 பிப்ரவரி 2025

தங்கச்சி தமிழ்ப் படிவத்தை வாங்கிட்டா! கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாப் படம் எடுத்து அனுப்பியிருக்கா. ஆபீஸ் முடிஞ்சு எங்க பத்திரம் எழுதுற ஐயாவும் நானும் உக்காந்து வாசிச்சோம்.

நல்லாவே எழுதியிருக்காங்க. எப்ப வேணும்னாலும் விலகலாம், விலகினா வழக்கமான வைத்தியம் நிக்காதுன்னு ரெண்டாம் பக்கத்துலயே இருக்கு. மாத்திரை, ஸ்கேன் இலவசம், ஊசி தேவைப்பட்டா நம்ம செலவுன்னு தெளிவாப் போட்டிருக்காங்க. நியமனதாரர் கட்டமும் இருக்கு, உங்க அத்தைக்கு முன்கூட்டியே சொல்லிரு.

நாலாம் பக்கத்துல ஒரு தப்பு. "நீங்கள் தோராயமாக ஒரு குழுவில் சேர்க்கப்படுவீர்கள்"னு இருக்கு. ஐயா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, "தோராயமான்னா ஏறக்குறைய. ஏறக்குறைய எப்படி ஒரு குழுவுல சேக்கறது?"ன்னார். குலுக்கல் முறையிலன்னு வரணும். டாக்டரும் முடிவு பண்றதில்ல, நீயும் முடிவு பண்றதில்ல, சீட்டு முடிவு பண்ணுதுன்னு யார் வாசிச்சாலும் அந்த இடத்துல புரியணும். நான் அழுததே அந்த இடத்துலதான்.

அந்த வரிக்குக் கீழ பென்சிலால கோடு போட்டு எடுத்துட்டுப் போ. சண்டை வேண்டாம், "இந்த வார்த்தையை மாத்தித் தாங்க, எனக்குப் பின்னாடி வர்றவங்களுக்கும் ஆகும்"னு சொல்லு. திருத்தினதும் குழு ஒப்புதல் தேதி புதுசா இருக்கான்னு பாரு, பக்கத்தோட அடியில சின்ன எழுத்துல இருக்கும். வந்ததும் எனக்கு ஒரு படம் அனுப்பு, நானும் ஐயாவும் இன்னொரு தடவை வாசிக்கிறோம்.